பொற்காலக் குடியரசின் பொதுத்தேர்தல்

பொற்காலக் குடியரசு எந்த வரைபடத்திலும் இல்லாத நாடு. ஆயினும் அங்கே பொதுத்தேர்தல் தவறாமல் நடைபெறுகிறது. அரசியல் சட்டம் உண்டு. ஆண்டுதோறும் அதற்கு மாலை அணிவிக்கும் விழாவும் உண்டு. தேர்தல் ஆணையம் உண்டு, நீதிமன்றம் உண்டு, தொலைக்காட்சிகளோ எண்ணிலடங்கா. ஒரே ஒரு குறைதான். தேர்தல் நாளன்று மக்கள் வந்து வாக்களித்துவிடுகிறார்கள். யாருக்கு வாக்களிப்பார்கள் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. ஆளும் பொற்காலக் கட்சிக்கும், அதற்குப் படியளக்கும் பெருமுதலாளிகளுக்கும் இந்தக் குறை நெடுங்காலமாக உறுத்திக்கொண்டே இருந்தது.

இதைத் தீர்க்க அமைச்சரவை கூடியது. பழைய பாணி அமைச்சர் ஒருவர் தேர்தலையே ஒழித்துவிடலாம் என்றார். மற்றவர்கள் நகைத்தனர். தேர்தலை ஒழிப்பவன் சர்வாதிகாரி என்று பெயரெடுப்பான். தேர்தலை வைத்துக்கொண்டு தேர்வை ஒழிப்பவனோ ஜனநாயகக் காவலன் என்று புகழப்படுவான் என்று பிரதமர் விளக்கினார். உடனே ஐந்து விதிகள் இயற்றப்பட்டன.

முதல் விதி: ஆட்டத்தின் நடுவரை ஆடும் அணிகளுள் வலுவானதே நியமிக்கும். இரண்டாம் விதி: கட்சிகளுக்கு யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் பணம் தரலாம், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தெரிந்த பெயர் வாக்காளருக்கு மட்டும் தெரியலாகாது. மூன்றாம் விதி: செலவைக் குறைக்கும் பொருட்டு, இயன்ற தொகுதிகளில் ஒரே வேட்பாளர் நிற்பது நலம். நான்காம் விதி: வாக்கு எண்ணும் அலுவலரிடம் ஒரு பேனா இருக்கும், அவர் பேனாவோடு இருந்த காட்சிகள் யாரும் கேட்காத காலம் வரை பத்திரமாகப் பாதுகாக்கப்படும். ஐந்தாம் விதி: வாக்களிக்க விரும்புவோர் தாம் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும், அரசு வழங்கிய அட்டைகளை அரசு நம்பாது.

தேர்தல் நடந்தது. நூறு விழுக்காடு வாக்குப்பதிவு. பட்டியலில் எஞ்சியிருந்த அனைவரும் வாக்களித்தனர் என்று ஆணையம் பெருமிதத்தோடு அறிவித்தது.

நையாண்டி என்பது மிகைப்படுத்தலால் உயிர்வாழும் கலை. உள்ளதைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டினால்தான் சிரிப்பு வரும். ஆனால் இந்தக் கற்பனைக் குடியரசின் ஐந்து விதிகளில் மிகை எவ்வளவு என்று அளந்து பார்க்க முற்படுவோர் சிரிப்பை நிறுத்திக்கொள்ள நேரிடும். ஏனெனில் அவை ஐந்துக்கும் அண்மைக்கால இந்தியாவின் ஆவணங்களில் இணை உண்டு.

நடுவரை நியமிக்கும் அணி

தலைமைத் தேர்தல் ஆணையரையும் பிற ஆணையர்களையும் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி ஆகிய மூவர் குழுவின் பரிந்துரைப்படி நியமிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை இந்த ஏற்பாடு நீடிக்கும் என்றது அமர்வு. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட சட்டத்தில் தலைமை நீதிபதி இல்லை. அவர் இடத்தில் பிரதமர் நியமிக்கும் ஒன்றிய அமைச்சர் ஒருவர் அமர்ந்துவிட்டார். மூவரில் இருவர் அரசின் ஆட்கள். எதிர்க்கட்சித் தலைவர் ஆட்சேபக் குறிப்பு எழுதலாம். அதற்கு மேல் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

உறையிலிட்ட பணம்

தேர்தல் பத்திரத் திட்டம் 2017 நிதிச் சட்டத்தின் வழியே நுழைக்கப்பட்டு, 2018 ஜனவரியில் அறிவிக்கை செய்யப்பட்டது. பத்திரத்தை விற்றது பாரத ஸ்டேட் வங்கி மட்டுமே. எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்பது அரசு வங்கிக்குத் தெரியும், குடிமகனுக்குத் தெரியாது. மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் நிறுவனங்கள் நன்கொடை தரலாகாது என்றிருந்த வரம்பும் அதே சட்டத்தால் அகற்றப்பட்டது.

இத்திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தோரில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒன்று. பத்திரங்கள் வழியே நன்கொடை பெற மறுத்த கட்சி, நீதிமன்றப் படியேறியது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக இத்திட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட வங்கியின் மனுவும் தள்ளப்பட்டது. மார்ச்சில் வெளியான பட்டியலில், 2019 ஏப்ரல் முதல் விற்ற பத்திரங்களின் மதிப்பு 12,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் ஏறத்தாழப் பாதி, அதாவது 6,000 கோடிக்கும் மேல், பாஜகவின் கணக்குக்குப் போயிருந்தது. விசாரணை அமைப்புகளின் சோதனைக்கு உள்ளான பின் பத்திரம் வாங்கிய நிறுவனங்களும் அப்பட்டியலில் இருந்தன. படியளப்பவர் யார், அளந்ததற்கு ஈடாகப் பெற்றது என்ன என்ற கேள்வியை அதன்பின் எவரும் கற்பனை என்று ஒதுக்க இயலவில்லை.

வாக்களிக்காத தொகுதி

2024 மக்களவைத் தேர்தலில் குஜராத்தின் சூரத் தொகுதியில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தனர். அவர்களில் ஒருவர்கூட மக்களவைக்கு வாக்களிக்கவில்லை. காங்கிரஸ் வேட்பாளரை முன்மொழிந்தவர்கள் மனுவிலுள்ள கையொப்பம் தங்களுடையதல்ல என்று பிரமாணப் பத்திரம் அளித்தனர்; மனு தள்ளுபடியானது. மாற்று வேட்பாளரின் மனுவும் தள்ளுபடியானது. களத்தில் எஞ்சியிருந்த எட்டுப் பேரும் அடுத்தடுத்து விலகிக்கொண்டனர். ஏப்ரல் 22 அன்று பாஜக வேட்பாளர் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார். எவருக்கும் வாக்கில்லை என்று பதிவு செய்யும் ‘நோட்டா’ உரிமையும் அங்கே பயன்படவில்லை. வாக்குப்பதிவே நடக்காத இடத்தில் அந்தப் பொத்தானுக்கு என்ன வேலை? நாட்டின் பெரும் தொழில் நகரங்களுள் ஒன்றில், விசைத்தறியிலும் வைரப் பட்டறையிலும் உழைக்கும் இலட்சக்கணக்கானோர் வாழும் ஊரில், ஒரு பொதுத்தேர்தல் சில தாள்களின் மீது முடிந்துபோனது.

பேனாவும் கேமராவும்

சண்டிகர் மேயர் தேர்தல் சிறியது. மொத்த வாக்குகளே 36. 2024 ஜனவரி 30 அன்று பாஜக வேட்பாளருக்கு 16, ஆம் ஆத்மி-காங்கிரஸ் கூட்டணி வேட்பாளருக்கு 12, செல்லாதவை 8 என்று அறிவிக்கப்பட்டது. செல்லாத எட்டும் கூட்டணியின் வாக்குகளே. தேர்தலை நடத்திய அலுவலர், பாஜகவைச் சேர்ந்த நியமன உறுப்பினர், வாக்குச்சீட்டுகளில் பேனாவால் குறியிடுவது அறையிலிருந்த கேமராவில் பதிவாகியிருந்தது. உச்சநீதிமன்றம் அக்காட்சியைப் பார்த்தது. சீட்டுகளை வரவழைத்து நேரில் ஆராய்ந்தது. பிப்ரவரி 20 அன்று எட்டு வாக்குகளும் செல்லும் என்று கூறிக் கூட்டணி வேட்பாளரை மேயராக அறிவித்தது.

கேமரா இல்லையேல் இந்தத் தீர்ப்பு கிடைத்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் ஆட்சியாளர்கள் இதிலிருந்து கற்ற பாடம் வேறு. அரியானா சட்டமன்றத் தேர்தலின் வாக்குச்சாவடிக் காட்சிப் பதிவுகளை வழக்கறிஞர் ஒருவருக்கு வழங்குமாறு பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஆணையிட்டது. சில நாட்களிலேயே தேர்தல் நடத்தை விதிகளின் 93ஆம் விதி திருத்தப்பட்டு, இத்தகைய மின்னணுப் பதிவுகள் பொதுமக்களின் பார்வைக்கு மூடப்பட்டன. 2025 மே மாதம் வந்த அறிவுறுத்தலோ, தேர்தல் வழக்கு எதுவும் தொடரப்படாவிட்டால் 45 நாட்களுக்குப் பின் பதிவுகளை அழிக்கலாம் என்றது. வழக்குத் தொடர ஆதாரம் வேண்டும். ஆதாரத்தைப் பார்க்க அனுமதியில்லை. வழக்கில்லையேல் ஆதாரம் அழியும். பொற்காலக் குடியரசின் நான்காம் விதியை எழுதியவர் இதைவிடக் கூர்மையாக எழுதிவிட முடியாது.

உயிரோடிருப்பதற்குச் சான்று

ஐந்தாம் விதியே எல்லாவற்றிலும் கொடியது. 2025இல் பீகாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தபோது தொடங்கப்பட்டது. சான்றாக ஏற்கத்தக்கவை எனக் குறிப்பிடப்பட்ட 11 ஆவணங்களில் ஆதார் இல்லை, குடும்ப அட்டை இல்லை, ஆணையமே வழங்கிய வாக்காளர் அட்டையும் இல்லை. ஏழையின் வீட்டில் இருக்கக்கூடியவை இவை மூன்றுதான். ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தோர் 22 லட்சம், நிரந்தரமாக இடம்பெயர்ந்தோர் அல்லது காணப்படாதோர் 36 லட்சம், இரட்டைப் பதிவு 7 லட்சம் என்று கணக்குச் சொல்லப்பட்டது. பெயர்ப் பட்டியலும் காரணமும் சொல்லப்படவில்லை. இறந்தவர்களாகக் குறிக்கப்பட்ட இருவர் உச்சநீதிமன்றத்தில் உயிரோடு முன்னிறுத்தப்பட்டனர்.

நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர் என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார் என்பதை இடதுசாரி இயக்கத்தினர் எளிதில் உணர்வர். பஞ்சாபில் நெல் நடப்பவரும், டெல்லியில் கட்டடம் எழுப்புபவரும், திருப்பூரில் துணி தைப்பவரும் அவரே. ஊரில் வேலையில்லாததால் போனவர். சத் பண்டிகைக்குத் திரும்புபவர். அவரை ஊரைவிட்டு விரட்டியது வறுமை. பட்டியலைவிட்டு விரட்டியது அரசு.

ஆகஸ்ட் 14 அன்று, நீக்கப்பட்டோரின் பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு உச்சநீதிமன்றம் பணித்தது. செப்டம்பர் 8 அன்று ஆதாரைப் பன்னிரண்டாம் ஆவணமாக ஏற்குமாறு கூறியது. செப்டம்பர் இறுதியில் வெளியான பட்டியலில் 7.42 கோடிப் பெயர்கள் இருந்தன. திருத்தத்துக்கு முன் இருந்ததைவிட 47 லட்சம் குறைவு. பின்னர் இதே திருத்தம் பிற மாநிலங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

சிரிப்புக்குப் பின்

இவற்றையெல்லாம் படிக்கும் ஒருவருக்கு, இது வெறும் நாடகம், இதில் பங்கேற்பதே வீண் என்ற எண்ணம் எழக்கூடும். இயக்கத்துக்குள்ளேயே சில தோழர்கள் இவ்வாறு பேசுவதும் உண்டு. இந்த முடிவு பொற்காலக் கட்சிக்கு மிகவும் உவப்பானது. வாக்காளரை விலக்க அது பெரும்பாடுபடுகிறது. அவரே விலகிக்கொண்டால் செலவு மிச்சம்.

வாக்குரிமை இந்நாட்டு உழைக்கும் மக்களுக்கு எவரும் தானமாக அளித்ததன்று. பிரிட்டிஷ் ஆட்சியில் 1946 வரை சொத்தும் வரியும் படிப்பும் உடைய சிறுபான்மைக்கே வாக்கிருந்தது. விடுதலைப் போராட்டத்தின் விளைவாகவே கூலித் தொழிலாளிக்கும் பண்ணையாருக்கும் சமமான ஒரு வாக்கு என்பது அரசியல் சட்டத்தில் ஏறியது. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் பட்டியலில் இருந்தனர். அப்போதும், தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று பதிந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட வேண்டியதாயிற்று. பட்டியலில் பெயர் இருப்பது என்பது தொடக்கம் முதலே ஏழைகளுக்கும் பெண்களுக்கும் ஒரு போராட்டமாகவே இருந்துவந்துள்ளது.

மேலே கண்டவற்றில் மற்றொரு பொதுத்தன்மையும் உண்டு. பத்திரங்களின் மர்மம் உடைந்தது, பட்டியல் வெளியிடப்பட்டபோது. சண்டிகர் மோசடி உடைந்தது, காட்சி வெளியே வந்தபோது. பீகாரில் இறந்தவர்கள் உயிர்பெற்றது, பெயர்கள் சரிபார்க்கப்பட்டபோது. சூரத்தில் மட்டும் எதுவும் உடையவில்லை; அங்கே காப்பதற்குக் களத்தில் வேட்பாளரே எஞ்சவில்லை. அதாவது, இருட்டே இந்த முறையின் பலம். வெளிச்சம் எங்கெல்லாம் புகுந்ததோ அங்கெல்லாம் அது பின்வாங்கியிருக்கிறது. வெளிச்சம் தானாகவும் புகவில்லை. யாரோ மனுப் போட்டார்கள், யாரோ வீடு வீடாகப் போனார்கள்.

இங்கே ஒரு சுயவிமர்சனமும் தேவை. பீகாரில் எல்லாக் கட்சிகளுக்குமாக 1.6 லட்சம் வாக்குச்சாவடி முகவர்கள் இருந்தும், அவர்கள் வழியே வந்த ஆட்சேபங்கள் மிகச் சிலவே என்று உச்சநீதிமன்றம் வியப்புத் தெரிவித்து, 12 கட்சிகளையும் மக்களுக்கு உதவுமாறு பணித்தது. முகவர்கள் தந்த மனுக்களை அலுவலர்கள் முறைப்படி ஏற்கவில்லை என்று கட்சிகள் கூறியதில் உண்மை உண்டு. எனினும், முகவரின் பெயர் ஆணையத்தின் ஏட்டில் இருப்பதும் முகவர் தெருவில் இருப்பதும் ஒன்றல்ல.

தேர்தல் பணி என்பது அறிவிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் இடைப்பட்ட வாரங்களின் வேலை என்ற பழக்கம் மாற வேண்டும். ஒவ்வொரு கிளையும் தன் பகுதிப் பட்டியலை ஆண்டு முழுவதும் வைத்திருந்து தெருத் தெருவாகச் சரிபார்க்க வேண்டும். விடுபட்டோருக்குப் படிவம் 6 நிரப்பி, ஒப்புகைச் சீட்டு வாங்கித் தர வேண்டும். வேலைக்கு வெளியூர் சென்றோரின் பெயர்களைக் கிளையே குறித்து வைத்திருக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான வாக்குகளின் கணக்கைக் கூறும் படிவம் 17சியின் நகலைப் பெறாமல் எந்த முகவரும் சாவடியைவிட்டு வெளியேறக் கூடாது. நியமனக் குழுவில் அரசுப் பெரும்பான்மையை நீக்குதல், பெருநிறுவன நன்கொடைக்குத் தடை, தோழர் இந்திரஜித் குப்தா தலைமையிலான குழு 1998இல் பரிந்துரைத்தவாறு பொருளாக வழங்கும் அரசுத் தேர்தல் உதவி ஆகிய கோரிக்கைகளுக்கு நாடாளுமன்றத்தில் குரல் எழுப்ப வேண்டும். ஆனால் அந்தக் குரலுக்கு வலு தருவது கிளைகளின் அன்றாட உழைப்பே.

பொற்காலக் குடியரசில் தேர்தல் முடிந்த மறுநாள், பட்டியலில் பெயரில்லாத ஒரு கிழவி தலைநகரின் ஆணையக் கட்டடத்துக்கு வந்தாள். தான் உயிரோடிருப்பதாகச் சொன்னாள். அதற்கு ஆவணம் உண்டா என்று அலுவலர் கேட்டார். ஆவணம் இல்லை, ஆனால் தன்னை அறிந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்றாள் அவள். அலுவலர் சன்னலைத் திறந்து பார்த்தார். தெரு முழுவதும் ஆட்கள் நின்றிருந்தனர்.