கிரகத்தை அழிக்கலாம், விமானம் மட்டும் கூடாதா?

பேரன் லெகோவின் 'டெத் ஸ்டார்' வேண்டும் என்கிறான். 1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் ஆல்டெரான் என்ற கிரகத்தையே பொடியாக்கும் ஆயுதம் அது.

தற்கால ராணுவக் கருவிகளைப் பொம்மையாக்க மாட்டோம் என்பது லெகோவின் கொள்கை. ஜெர்மனியில் அமைதி இயக்கத்தினர் எதிர்த்ததும், 2020-ல் ஆஸ்ப்ரே விமானப் பொம்மையின் வெளியீட்டையே ரத்து செய்தார்கள். இத்தனைக்கும் அது மீட்புப்பணி விமானமாக வடிவமைத்தது! நல்ல முடிவுதான். ஆனால் 1999 முதல் ஸ்டார் வார்ஸ் போர்க்களங்களை விற்பதும் அதே நிறுவனம்தானே? ஆளைக் காப்பாற்றும் விமானம் கூடாது, கிரகத்தை அழிக்கும் ஆயுதம் கூடுமாம். என்ன நியாயம்?

"கற்பனைதானே சார்" என்பீர்கள். முப்பது வருடம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன்: குழந்தை கற்பதே கற்பனை விளையாட்டில்தான்.

தடை செய்யச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். நானும் கேட்டேன்: "ஆல்டெரான்ல பள்ளிக்கூடம் இருந்திருக்குமாடா?"

"அது பெட்டியில வராது தாத்தா" என்றான்.

2016-ல் வந்த டெத் ஸ்டாரில் 4,016 துண்டுகள். செத்தவர்களுக்கு அதில் ஒரு துண்டுகூட இல்லை.