வகுப்பை மூடிவிட்டுத் தேர்வைக் கடினமாக்குவதா?

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு கடினமாகிவிட்டது என்று செய்தி வந்ததும், 'தேர்வு என்றால் அப்படித்தான் இருக்கும், படித்துவிட்டுப் போகட்டுமே' என்று தோளைக் குலுக்கியவர்கள் நம்மவர்களிலும் உண்டு. மேற்படிப்பு முடித்து, எச்-1பி விசாவில் வந்து, கிரீன் கார்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த பொறியாளருக்கு இந்தத் தேர்வு ஒரு சனிக்கிழமை வேலை. காரில் போகும்போது கேள்வி-பதிலை ஓடவிட்டாலே போதும். அவருக்காக இங்கே யாரும் கண்ணீர் விடவில்லை.

கேள்விகளின் எண்ணிக்கை கூடியதுகூட நம் புகார் அல்ல. 100 கேள்விகள் 128 ஆகின. நேர்காணலில் 10 கேட்டு 6 சரியாக இருந்தால் போதும் என்றிருந்தது, 20 கேட்டு 12 என்றானது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இதுதான் விதி. இருக்கட்டும். அதற்கு ஏழு மாதம் முன்பு அதே கைகள் செய்த காரியத்தைத்தான் நம்மால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

குடியுரிமை வகுப்புகளுக்கு மத்திய அரசின் குடிவரவுத் துறை தந்துவந்த மானியத்தை 2025 பிப்ரவரியில் முடக்கினார்கள். மார்ச் முடிவதற்குள் அடியோடு ரத்து செய்தார்கள். துறையின் முன்னுரிமைகளோடு இது பொருந்தவில்லையாம். 2009 முதல் ஆட்சிகள் மாறியும் தொடர்ந்த திட்டம் இது. 15.5 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு, 3 லட்சத்துக்கும் அதிகமானவர்களை விண்ணப்பத்துக்கும் தேர்வுக்கும் தயார்ப்படுத்தியது. சட்டப்படி குடியேறி, சட்டப்படி காத்திருந்து, சட்டப்படி குடிமகனாக விரும்புகிறவனுக்குப் பாடம் சொல்லித்தருவது முன்னுரிமை இல்லையென்றால், வேறு எதுதான் முன்னுரிமை?

அந்த வகுப்புகளைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொது நூலகத்தின் பின்னறை, தேவாலயத்தின் நிலவறை, சமுதாயக் கல்லூரியின் மாலை நேர வகுப்பறை என்று கிடைத்த இடத்தில் நடப்பவை அவை. சொல்லித்தருபவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அல்லது சம்பளம் வாங்காத தன்னார்வலர். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பகலெல்லாம் விடுதி அறைகளைத் துப்புரவு செய்தவர்கள், முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றியவர்கள், உணவகத்தில் பாத்திரம் கழுவியவர்கள். அவர்களுக்கிடையே, பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து விட்டுவிட்டு ஓடிவந்த நம் ஊர் அம்மாவும் இருப்பார்.

அங்கே நடப்பது வரலாற்றுப் பாடம் மட்டும் என்று நினைப்பது பெரிய தவறு. முதல் ஜனாதிபதி யார் என்பதை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆளைக் கவிழ்ப்பது குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம். அதன் பக்கங்களில் 'நீங்கள் எப்போதாவது' என்று தொடங்கும் கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. எப்போதாவது சர்வாதிகாரக் கட்சியில் இருந்தீர்களா? எப்போதாவது யாரையாவது துன்புறுத்தினீர்களா? எப்போதாவது அதிகாரியிடம் பொய் சொன்னீர்களா? நேர்காணல் அதிகாரி இவற்றை ஆங்கிலத்தில், அவருடைய வேகத்தில் கேட்பார். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று திருப்பியும் கேட்பார். புரியாத கேள்விக்கு மரியாதைக்காகத் தலையசைத்து 'யெஸ்' என்று சொல்லிவைப்பது நம் பெரியவர்களின் பழக்கம். இந்தக் கேள்விகளுக்கு ஒரு 'யெஸ்' போதும், விஷயம் வேறு எங்கோ போய்விடும். சட்டம் கோரினால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா என்று கேட்கும்போது எழுபது வயதுப் பாட்டி திகைத்துப்போவார் என்பது வகுப்பெடுப்பவருக்குத் தெரியும். அதனால்தான் அவர் மாதக்கணக்கில் அதிகாரியாக நடித்து, அதே கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டு, 'புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்' என்று சொல்லும் துணிச்சலை முதலில் கற்றுத்தருகிறார். கைபேசிச் செயலி இதைச் செய்யாது.

வயதானவர்களுக்குத்தான் சலுகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 55 வயது கடந்து, 15 ஆண்டு கிரீன் கார்டோடு வாழ்ந்தவர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் துணையோடு தமிழிலேயே பதில் சொல்லலாம். 50 வயதும் 20 ஆண்டும் என்றாலும் அப்படியே. 65 வயதும் 20 ஆண்டும் ஆனவர்களுக்கு 20 கேள்விகள் கொண்ட தனிப்பட்டியல் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மகன் ஸ்பான்சர் செய்து 60 வயதில் எடிசனுக்கோ ஃப்ரீமாண்டுக்கோ வந்து சேர்ந்த தாய் 65 வயதில் விண்ணப்பிக்கும் தகுதி பெறுகிறார். அவருக்கு இந்தச் சலுகைகளில் ஒன்றுமே கிடையாது. 75 வயதுவரை காத்திருக்க வேண்டும், அல்லது ஆங்கிலத்தில் படித்து, எழுதி, பேசிக் காட்ட வேண்டும். இவருக்குத்தான் வகுப்பு தேவை. இவருடைய வகுப்பைத்தான் பூட்டினார்கள்.

பழைய தேர்வு எளிதாக இருந்தது, விடைகளை நெட்டுருப் போட்டுத் தேறிவிடுகிறார்கள் என்பது மேலிடத்தின் வாதம். சரி, புதிய தேர்வு என்ன செய்திருக்கிறது? தொடக்கத்து 13 மாநிலங்களில் மூன்றின் பெயர் சொல்லச் சொன்னது போய், ஐந்தைச் சொல்லச் சொல்கிறது. அரசின் ஒரு கிளையைச் சொன்னால் போதும் என்றிருந்ததை, மூன்றையும் சொல் என்கிறது. மூன்றை நெட்டுருப் போட்டவன் இனி ஐந்தை நெட்டுருப் போடுவான். நாட்டைப் புரிந்துகொள்வதில் இதனால் ஓர் அங்குலமாவது கூடுமா? நாட்டின் மிக நீண்ட ஆறுகளில் ஒன்றைச் சொல்லச் சொன்ன கேள்வியைத் தூக்கிவிட்டு, கொரியப் போரில் அமெரிக்கா ஏன் இறங்கியது என்று கேட்கிறார்கள். இதை நியாயமாக விவாதிக்க வேண்டுமானால் அதற்கும் ஒரு வகுப்பறை வேண்டும். 2018-ல் ஒரு கல்வி அறக்கட்டளை அமெரிக்கக் குடிமக்களிடமே இதே வகைக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தது. தேறியது மூவரில் ஒருவர்தான். தேறாதவர்களில் யாருடைய குடியுரிமையையும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஏணியைப் பிடுங்கிக்கொண்டு பரணை உயர்த்துகிறவர், மேலே ஏறாதவனைப் பார்த்துச் சோம்பேறி என்கிறார்.

பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். திட்டத்தின் மொத்தச் செலவை ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி டாலர் வரும். வாஷிங்டன் கணக்கில் அது சில்லறை. இணையத்தில் விண்ணப்பிக்க 710 டாலர், தாளில் விண்ணப்பிக்க 760 டாலர் கட்டணம் என்று வாங்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியில் உழைப்பவருக்கு அது ஏறத்தாழ 100 மணி நேர வேலை. தேர்வில் ஒருமுறை தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் மறுவாய்ப்பு. அதிலும் தவறினால் விண்ணப்பம் போச்சு, மறுபடி கட்டணம். ஏழைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பது உண்மைதான். அந்தச் சலுகைக்கு எப்படி மனுச் செய்வது என்று உட்காரவைத்துச் சொல்லித்தந்ததும் இதே வகுப்புகள்தான்.

இந்தத் துறையின் மேசைகளுக்கு இப்படி நடந்துகொள்வது புதிதல்ல. 2007-ல் விண்ணப்பக் கட்டணத்தை 330 டாலரிலிருந்து 595-ஆக ஒரே தாவில் உயர்த்தினார்கள். உயர்வுக்கு முன் விண்ணப்பித்துவிட ஜனங்கள் அலைமோதுவார்கள் என்பது தெருவில் போகிறவருக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியவில்லை. குவிந்த விண்ணப்பங்களுக்கு நடுவே, 2008 தேர்தலில் வாக்களிக்கலாம் என்று நம்பியவர்கள் தபால்காரரை எதிர்பார்த்தே காலத்தைக் கழித்தார்கள். 2020-ல் கட்டணத்தை 640-லிருந்து 1,170 டாலராக ஏற்றப் பார்த்தார்கள், நீதிமன்றம் தடுத்தது. அதே ஆண்டு கொரோனா வந்தபோது, எல்லாத் தேர்வும் முடிந்து உறுதிமொழி மட்டுமே பாக்கியிருந்தவர்களை மாதக்கணக்கில் வாசலில் நிறுத்தினார்கள். நாடே ஜூமில் அலுவல் பார்த்த காலம் அது. காணொளியில் உறுதிமொழி எடுக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட, இந்த 128 கேள்விகளே ஒரு பழைய தோல்விதான். 2020 டிசம்பர் 1-ல் அறிமுகப்படுத்தி, மூன்றே மாதத்தில், 2021 மார்ச் 1 முதல் கைவிட்டார்கள். செனட்டர் யாருக்குப் பிரதிநிதி என்ற கேள்விக்கு 'மாநில மக்கள் அனைவருக்கும்' என்றிருந்த விடையை 'மாநிலத்தின் குடிமக்களுக்கு' என்று அப்போது மாற்றிவைத்ததையும் மறக்க முடியாது. இன்னும் குடிமகனாகாதவனிடம், நீ கணக்கிலேயே இல்லை என்று அவன் வாயாலேயே சொல்லவைத்தால்தான் மதிப்பெண்! அப்படிக் கைவிட்ட தாளைத் தூசி தட்டி எடுத்து இப்போது சீர்திருத்தம் என்கிறார்கள். போதாததற்கு, 1991-லிருந்து வழக்கொழிந்து கிடந்த அக்கம்பக்க விசாரணையையும் 2025 ஆகஸ்டில் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் நம்மைப் பற்றி விசாரிக்க ஆளுக்கும் நேரத்துக்கும் பணம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மாலை பாடம் நடத்த இல்லை.

ரத்தான மானியம் ஏதாவது ஒரு வழியில் திரும்பி வந்தாக வேண்டும். அதை நாடாளுமன்றத்தில் கேட்டு வாங்கும் பொறுப்பு, தேர்தல் நேரத்தில் கோயில் வாசலுக்கும் பொங்கல் விழாவுக்கும் மாலை வாங்கிக்கொள்ள வரும் நம் தொகுதிப் பிரதிநிதிகளுடையது. அடுத்த முறை மேடையில் அவர்களோடு படம் எடுத்துக்கொள்ளும் முன், நம் சங்க நிர்வாகிகள் இதைக் கேட்கட்டும். நட்சத்திர இரவுக்கு அரங்கம் பிடிக்கத் தெரிந்த நம் சங்கங்கள், மானியம் வரும்வரை தங்கள் பங்குக்கு எதையாவது செய்யத்தான் வேண்டும். இந்த வாரமே எந்த நூலகத்தில் வகுப்பு நின்றுபோயிருக்கிறது என்று விசாரிப்பதிலிருந்தாவது தொடங்கலாம். பூட்டியவர்கள் தாமாகத் திறப்பார்கள் என்று நம்ப அவர்களின் பழைய கணக்கு எதுவும் இடம் தரவில்லை.