ஊருக்கு ஒரு எண்ணெயா?

மோட்டார் புகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வண்டியையும் வண்டிக்காரனையுமே குறை கூறுகின்றார்களே ஒழிய, அவ்வண்டிக்கு ஊற்றப்படும் எண்ணெயின் யோக்கியதை என்ன என்று யோசிப்பவர் வெகு சிலரே. ஆகவே அதைப் பற்றிச் சிறிது எழுதுகிறோம்.

பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெயில் கந்தகம் இயற்கையாகவே கலந்திருக்கிறது. சுத்திகரிக்கும் ஆலையில் அதைப் போக்காவிட்டால், இஞ்சினில் எரிந்து கந்தக வாயுவாகவும், ஒரு பாகம் நுண்ணிய தூளாகவும் வெளிவந்து நம் நெஞ்சுக்குள் போகும். இதைவிடப் பெரிய கெடுதி ஒன்றுண்டு. புது வண்டிகளின் புகைக்குழாயில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசிய கருவி ஒன்று வைக்கிறார்கள். நச்சு வாயுக்கள் அதன்மேல் பட்டுத் தீங்கு குறைந்தவையாக மாறும். கந்தகமோ அவ்வுலோகத்தில் ஒட்டிக்கொண்டு இடத்தை அடைத்துக் கொள்ளுகிறது. சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டவன் எழுந்திராமல் பலகையிலேயே உட்கார்ந்திருந்தால் பின்னால் வந்தவன் என்ன செய்வான்? வந்தபடியே திரும்ப வேண்டியதுதானே! அதுபோலவே கார்பன் மோனாக்சைடும், நைட்ரஜன் ஆக்சைடுகளும், எரியாத எண்ணெய் ஆவியும் பெருமளவு மாறாமலே வெளியேறுகின்றன.

விஷயம் இப்படியிருக்க, நம் நாட்டில் நடந்ததென்ன? 2010-இல் டெல்லி, பம்பாய், சென்னை முதலிய 13 நகரங்களுக்கு மாத்திரம், பத்து லட்சம் பங்கில் 50 பங்குக்கு மேல் கந்தகமில்லாத டீசல் என்றும், மற்ற ஊர்களுக்கு 350 பங்கு வரை இருக்கலாம் என்றும் ஏற்பாடாயிற்று. நாடு முழுவதற்கும் 50 ஆனது 2017 ஏப்ரலில்தான். பட்டணத்தான் நெஞ்சுக்கும் பட்டிக்காட்டான் நெஞ்சுக்கும் அப்படி என்ன வித்தியாசம் கண்டார்கள் என்று கேட்கிறோம். வெளியூரில் டீசல் நிரப்பிய லாரி, பட்டண எல்லையில் அதைக் கொட்டிவிட்டா உள்ளே வந்தது? பட்டணத்தானும் தப்பவில்லை.

ஆலைகளைத் திருத்தப் பெரும் பணம் வேண்டும் என்பது மெய்யே, நாம் மறுக்கவில்லை. ஆனால் 2020 ஏப்ரலில் பெட்ரோல், டீசல் இரண்டையும் நாடு முழுதும் 10 பங்குக்குக் கொண்டுவர முடிந்ததல்லவா? (அதிலும் டெல்லிக்கு 2018-லேயே முதல் பந்தி!) எண்ணெயைத் திருத்தினால் பழைய வண்டியிலும் கந்தகப் புகை உடனே குறைகிறது. வண்டியை மாத்திரம் திருத்தினாலோ, கெட்ட எண்ணெய் அத்திருத்தத்தையும் கெடுத்து விடுகிறது.

இன்றும் புகைச் சோதனை என்றால் குழாயில் கருவியை நுழைத்துப் பார்க்கிறார்களே தவிர, டாங்கியில் இருப்பது இன்னதென்று பார்ப்பதில்லை. கந்தகம் மிகுந்த மண்ணெண்ணெயை எவனாவது டீசலில் கலந்து விற்றிருந்தாலும், அபராதம் கட்டுகிறவன் வண்டிக்காரன்தான்.