விமானமே காட்டிக் கொடுக்கிறது!

எஸ்தோனியா நாட்டில் டார்ட்டு என்று ஓர் ஊர். 2024 ஏப்ரலில், பின்லாந்தின் பின்ஏர் விமானங்கள் இரண்டு அங்கே இறங்க முடியாமல் ஹெல்சிங்கிக்கே திரும்பின. காரணம்? வழிகாட்டும் செயற்கைக் கோள்களின் சிக்னலை வேறு ரேடியோ அலை அமுக்கி விட்டது!

அந்தச் சிக்னல் 20 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருந்து மெலிந்து வருகிறது. அமுக்குவது எளிது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? "நான் இங்கே இருக்கிறேன்" என்று விமானம் ரேடியோவில் அறிவித்தபடியே பறக்கிறது. தன் கணக்கு எவ்வளவு துல்லியம் என்றும் கூடவே சொல்கிறது. ஒரே வட்டாரத்தில் பல விமானங்களின் துல்லியம் ஒரே சமயத்தில் குறைந்தால், அங்கே குறும்பு நடக்கிறது!

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? டார்ட்டில் இறங்குவதற்குச் செயற்கைக் கோளையே நம்பி இருந்தார்கள். ஒரு மாதம் பின்ஏர் வரவில்லை. தரையில் உள்ள ரேடியோ வழிகாட்டிகளைக் கொண்டு இறங்க ஏற்பாடு செய்த பிறகே வந்தது. செலவைக் குறைக்க, அத்தகைய பழைய கருவிகள் பலவற்றை அமெரிக்கா மூடி வருகிறது. அதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.