தப்பு இல்லை, வழி

நவஹோ கம்பளங்கள் சிலவற்றில் மெல்லிய கோடு ஒன்று உள்ளிருந்து கிளம்பி, கரையை வெட்டிக்கொண்டு ஓரம்வரை போகும். 'கடவுள் மட்டும்தான் பெர்ஃபெக்ட், அதனால் நெசவாளி வேணும்னே விட்ட தப்பு இது' என்பார்கள். ஒரு பிரசன்டேஷனில் நானும் சொன்னேன், என் கோடில் இருந்த பக்குக்குச் சாக்காக. கைதட்டினாங்க. இப்போ வெட்கமா இருக்கு.

அது தப்பே கிடையாது, வழி. நெசவில் போட்ட யோசனை நாலு கரைக்குள் அடைபட்டுப்போகாமல், அடுத்ததை நெய்ய மனசு வெளியே வரணும். அதற்கு விட்ட வாசல்.

சரி, அந்தக் கரை எங்கிருந்து வந்தது? பழைய போர்வைகளில் அது கிடையாது. தோளில் போர்த்துகிற துணிக்குச் சட்டம் எதுக்கு? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்கார வியாபாரிகள் போர்வையைத் தரைவிரிப்பாக்கி விற்றபோது, பாரசீகக் கம்பளம் பார்த்துப் பழகிய கண்களுக்காக வந்தது. கிரிஸ்டல் என்ற ஊரில் கடை வைத்திருந்த ஜே. பி. மூர் 1903லும் 1911லும் கேட்டலாக் அச்சிட்டுத் தபாலில் விற்றார். பல கடைகளில் நெசவாளியிடம் பவுண்டுக்கு இவ்வளவு என்று எடைபோட்டு வாங்கினார்கள். வாங்கும்போது எடை, விற்கும்போது மர்மம்!

முக்கோணம்னா மலை, ஸிக்ஸாக்னா மின்னல் என்று நாம் தேடுகிற அட்டவணை அந்த மர்மத்தின் மிச்சம்தான். நவஹோ மரபுக்கதையைக் கேளுங்கள்: நெசவைக் கற்றுத்தந்தவள் சிலந்திப் பெண். தறியின் குறுக்குக் கம்புகள் வானமும் பூமியும். பாவுக் குச்சிகள் சூரியக் கதிர்கள். அதாவது பிரபஞ்சம் கம்பளத்துப் படத்தில் இல்லை, தறியில் இருக்கு. அர்த்தம் நெய்கிற வேலையில் இருக்கு. வேலையைக் கழற்றிவிட்டு அர்த்தத்தை மட்டும் வாங்க முடியாது.

முயன்றவர்கள் உண்டு. ஃபேர்சைல்ட் கம்பெனி 1965ல் ஷிப்ராக்கில் ஆலை திறந்து, நவஹோ பெண்களைச் சிப் வேலைக்கு வைத்தது. 1969ல் வந்த அதன் கையேட்டில் சிப்போடு ஒப்பிட்டுக் காட்ட ஒரு கம்பளம். பரம்பரை நெசவுக் கை, சிப்புக்கும் சரியாக இருக்குமாம்! கற்றுத் தேர்ந்த திறமையைப் பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் அதற்குத் தனியாகக் கூலி தர வேண்டாமே. 1975ல் ஆலை மூடப்பட்டது.

1994ல் இன்டெல் கேட்டதற்காக மேரிலூ ஷுல்ட்ஸ் என்ற நவஹோ நெசவாளி பென்டியம் சிப்பையே கம்பளமாக நெய்தார். அதன் குறியீடு என்ன என்று கேட்பீர்களா? அது சிப்தான்.

அடுத்த முறை ஒரு கம்பளத்தின் முன் நின்றால் 'இதுக்கு என்ன அர்த்தம்' என்று கேட்காதீர்கள். யார் நெய்தது, எத்தனை மாசம், கையில் எவ்வளவு கிடைத்தது? அதைக் கேளுங்க.