நாற்பத்திரண்டாம் நாளுக்குப் பிறகு

தாய் இறப்பைக் கணக்கிடுவதற்கு ஒரு கால எல்லை உண்டு. கருவுற்ற காலத்திலோ, பேறு முடிந்த 42 நாள்களுக்குள்ளோ, அதனோடு தொடர்புடைய காரணத்தால் நேரும் இறப்பே அக்கணக்கில் சேரும். இக்கணக்கில் இந்தியா கண்ட முன்னேற்றம் சிறிதன்று. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2014-16இல் 130ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20இல் 97ஆகக் குறைந்தது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 88.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. இதன் பின்னால் எண்ணற்ற செவிலியர், ஆஷா பணியாளர்களின் உழைப்பு இருக்கிறது. ஆனால் பிழைத்த தாய், பிழைத்த பின் எப்படி இருக்கிறாள்? அதற்கு இந்த எண்களில் விடை இல்லை.

மொழியியல் மாணவி என்பதால் சொற்களிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆன பெண்ணைக் கன்னடத்தில் ‘பாணந்தி’ என்பர். மராத்தியில் ‘பாளந்தீண்’, தெலுங்கில் ‘பாலிந்த’, இந்தியில் ‘ஜச்சா’. தமிழில் ‘பச்சை உடம்புக்காரி’ என்கிறோம். பச்சைப் புண் என்பதில் உள்ள அதே பச்சை. இது இன்னும் ஆறாத உடம்பு என்பதை நம் மொழிகள் அறிந்தே வைத்திருக்கின்றன. ஆயினும் இச்சொற்களுக்கெல்லாம் காலக்கெடு உண்டு. பல சமூகங்களில் நாற்பது நாள் கழிந்து, தலைமுழுகி, சடங்கு முடிந்ததும் அந்தப் பெயரும் அவளை விட்டு நீங்கிவிடுகிறது. மரபின் நாற்பதாம் நாளும் புள்ளிவிவரத்தின் நாற்பத்திரண்டாம் நாளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கதவைச் சாத்துகின்றன. அதன்பின் அவள் குழந்தையின் அம்மா மட்டுமே.

உடம்பு இந்த நாள்கணக்கைப் பின்பற்றுவதில்லை. இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிவது மாதக்கணக்கில் தொடரலாம். இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்து, கருப்பை கீழிறங்குவது போன்ற கனம் அடிவயிற்றில் தங்கலாம். வயிற்றின் நடுவே தசைகள் விலகி நிற்பதால் குனிந்து நிமிர்வதே கடினமாகலாம். குழந்தையைத் தூக்கித் தூக்கிப் பெருவிரலின் அடியில் மணிக்கட்டு வலிக்கும். நாண்களைச் சூழ்ந்த உறை தடிப்பதே காரணம். பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருப்பதால் பிறப்புறுப்பு வறண்டு, உடலுறவு வேதனை தரும். இதைக் கணவரிடம் சொல்லும் சொல்லே பல பெண்களுக்கு வாய்ப்பதில்லை.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று தமிழ் வீடுகளில் சொல்வார்கள். காரணம் வேறு, காலக்கணிப்பு சரி. கருவுற்றிருந்தபோது உதிராமல் நின்ற முடி, மூன்றாம் மாத வாக்கில் சேர்ந்து உதிர்கிறது. பெரும்பாலும் ஓராண்டுக்குள் வளர்ந்துவிடுகிறது. ஆனால் சிலருக்குப் பேற்றுக்குப் பிந்தைய ஓராண்டுக்குள் தைராய்டு சுரப்பி அழற்சியுறுகிறது. முதலில் படபடப்பும் எடைக்குறைவும், பின்னர் சோர்வும் மந்தமும். ஒரு குருதிப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய இதனை வீடு ‘சோம்பல்’ என்று பெயரிட்டு அழைக்கிறது. இவற்றையெல்லாம்விட அவசரமானது ஒன்றுண்டு. பேற்றுக்குப் பின்னும் ஆறு வாரங்கள் வரை இரத்த அழுத்தம் அபாயகரமாக உயரலாம். கடுந்தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால், தூக்கமின்மை என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மனத்தின் செய்தி இன்னும் மறைவானது. மூன்றாம் நாள் வாக்கில் காரணமின்றி அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்க்கு நேர்வது. இரண்டு வாரங்களில் அடங்கிவிடும். அடங்காவிடில் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. சிலருக்குப் பால் சுரந்து இறங்கும் கணத்தில் மட்டும் இனம்புரியாத துயரம் எழுந்து, சில நிமிடங்களில் வடிந்துவிடும். சிலருக்குக் குழந்தையைக் கண்டவுடன் பாசம் பொங்குவதில்லை. வாரங்கள் சென்று மெல்ல ஊறுகிறது. குழந்தையைத் தவறவிட்டுவிடுவேனோ, என் கையாலேயே ஏதும் நேர்ந்துவிடுமோ என்று வேண்டாத காட்சிகள் பலருக்கு மனத்தில் தோன்றுகின்றன. அக்காட்சியைக் கண்டு அஞ்சுகிறாள் என்பதே அவள் அதை விரும்பவில்லை என்பதற்குச் சான்று. ஆனால் வாய்திறந்து சொன்னால் ‘நீயெல்லாம் ஒரு தாயா’ என்பார்கள்; ஆகவே சொல்வதில்லை. இதனினும் வேறானது பேற்றுக்குப் பிந்தைய மனப்பிறழ்வு. ஆயிரம் பேறுகளில் ஒன்று இரண்டில், பெரும்பாலும் முதலிரு வாரங்களுக்குள் வருவது. உறக்கமே இல்லாமல், இல்லாததைக் கேட்டு, நடவாததை நம்பத் தொடங்கும் பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று நாள் கடத்தக்கூடாது. அது மருத்துவ அவசரநிலை.

இவ்விடத்தில் மொழியின் சிக்கல் வருகிறது. ‘நல்லா இருக்கியா’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்பதுதான் விடை. அது தகவல் அன்று, மரியாதை. துயரத்தைத் துயரம் என்று சொல்ல இடமற்ற பெண், இந்தியில் ‘கம்ஸோரி’ என்கிறாள். தமிழில் ‘உடம்புக்கு முடியல’ என்கிறாள். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வை அறிய 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் உலகெங்கும் வழங்குகிறது. இந்திய மொழிகளிலும் உண்டு. அதிலேயே ஒரு கேள்வி ஆங்கில மரபுத்தொடரின்மேல் நிற்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கேட்கப்படும் பெண்ணுக்கு ஒன்றும் விளங்காது. எனவே, எந்தச் சொல்லால் கேட்கிறோம் என்பது இங்கே நோயறிதலின் பகுதி.

‘எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள், ஒரு நாளும் முனகவில்லை’ என்பார்கள். பாட்டிக்கு நோவு இல்லை என்பதற்கு அது சான்றாகாது. கேட்டவர் இல்லை என்பதற்குச் சான்றாகலாம். பத்துப் பெற்றுப் பிழைக்காத பாட்டிகளின் பேரர்கள் இந்த உரையாடலில் கலந்துகொள்வதும் இல்லை. மரபை நான் பழிக்கவில்லை. நாற்பது நாள் ஓய்வும், எண்ணெய்க் குளியலும், பிள்ளையை வாங்கிக்கொள்ள நான்கு கைகளும் பெருங்கொடைகள். தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பதும், தாயை அறைக்குள் தனித்து அடைத்து வைப்பதும் அதே மரபில் உள்ள கேடுகள். அந்த ஓய்வும் எல்லோர்க்கும் இல்லை. 2017இல் சட்டம் திருத்தப்பட்டு ஊதியத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு 26 வாரங்களானது. களை எடுப்பவளையும் செங்கல் சுமப்பவளையும் அது எட்டுவதில்லை. தளர்ந்த இடுப்புத்தளத்தோடு சுமை தூக்குபவள் அவளே.

என் கருத்து இதுதான்: புதிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை, இருக்கும் சந்திப்பில் தாயையும் பாருங்கள். பேற்றை அடுத்து ஆஷா பணியாளர் அடிக்கடி வீடு தேடி வரும் பயணங்கள் 42ஆம் நாளோடு முடிகின்றன. அவையும் பெரிதும் சிசுவுக்கானவை. குழந்தைக்கான தடுப்பூசியோ 6, 10, 14ஆம் வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் வருகிறது. கதவு சாத்தப்படும் அதே ஆறாம் வாரத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் தானே நடந்து வருகிறாள். ஊசி குழந்தைக்கு, எடை குழந்தைக்கு, அட்டையில் குறிப்பு குழந்தைக்கு. அங்கேயே அவளது இரத்த அழுத்தத்தைப் பார்க்கலாம். ஐந்து கேள்விகள் கேட்கலாம்: இருமும்போது நீர் கசிகிறதா? அடிவயிற்றில் கனம் உண்டா? குழந்தை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறதா? அழுகை நிற்காமல் வருகிறதா? உன்னை அச்சுறுத்தும் எண்ணம் ஏதும் வருகிறதா? மாமியாரும் கணவரும் சற்றுத் தள்ளி நிற்கும்போது, அவளது பேச்சுமொழியில் கேட்க வேண்டும். கேட்டபின் அனுப்பிவைக்க ஓர் இடமும் வேண்டும். இல்லையேல் கேள்வி வெறும் சடங்காகிவிடும்.

‘சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள்’ என்னும் அச்சம் பலரிடம் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை இயல்பாகப் பிரிக்கக்கூடாது என்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு இயங்குகிறது. அத்தகைய பிரிவு ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்றேனும் வேண்டும். இப்போதைக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேற்சொன்ன நோவுகளை உங்கள் ஊரில், உங்கள் பாட்டியின் பேச்சில், எந்தச் சொல்லால் குறித்தார்கள் என்று மறுமொழியில் எழுதுங்கள். செவிலியர் கேட்கும் கேள்வி அந்தச் சொல்லில் அமைந்தால்தான் அவள் விடை சொல்வாள்.