குத்தகைக்காரருக்கு சொட்டுநீர் மானியம் எப்போ?



புதுப்பட்டினம், கல்பாக்கம் பக்கம் போர்வெல்லை விடாம இழுத்தா என்ன ஆகும்னு சொல்லவே வேணாம். நல்ல தண்ணி இறங்க இறங்க, கடல் உப்பு உள்ளே ஏறும். உப்பு ஏறின கிணறை மீட்கிறது லேசுல நடக்காது. இங்க சொட்டுநீர்ப் பாசனம் ஆடம்பரம் இல்லை.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. ஒன்றியத் திட்டம் சிறு, குறு விவசாயிக்கு அனுமதிப்பது 55 சதவீதம்தான். அதிலும் 40 பங்கு மாநிலத்தோடது. மிச்சம் முழுக்க மாநில நிதி. "எல்லாம் டெல்லி காசு"ன்னு ஃபார்வர்டு வந்தா இதைக் காட்டுங்க.

சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று. இதோட வேளாண்மை விரிவாக்க மையம் போங்க. தர்பூசணி, காய்கறின்னா தோட்டக்கலைத் துறை.

ஆனா சிட்டா யார் பேர்ல இருக்கு? ஈசிஆர் ஓரம் நிலம் ஒருத்தருக்கு, வியர்வை இன்னொருத்தருக்கு. குத்தகை நிலத்துக்கும் மானியம் உண்டு. குறைஞ்சது 7 வருஷக் குத்தகைப் பத்திரம் கேட்கிறாங்க. வாய்ப்பேச்சில் நிலம் விட்டவர் அதை எழுதித் தருவாரா?

குத்தகைதாரர் பேரைப் பதிய 1969-லேயே நம்ம மாநிலத்தில் சட்டம் இருக்கு. தாலுகா அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டில் பேர் இருந்தாலே மானியம்னு அரசாணை வரணும். உங்க ஊர்ல குத்தகைக்கு உழுறவங்களை முதல்ல அங்க கூட்டிட்டுப் போய் மனு கொடுக்க வைங்க.